செவலையும் ஆயாவோட முட்டி எக்ஸ்ரேவும்

மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் செவலைக்கு வைத்தியம் பார்த்தது மொத்தம் 25 நிமிஷம். அதுக்கப்புறம் அந்தப் புண் ஆற ஆனது 18 நாள். அந்த 25 நிமிஷத்தைப் பத்தி தெருவே விசாரிச்சுது. ஊசி போட்டாங்களா, மயக்கம் குடுத்தாங்களா, எவ்ளோ ஆச்சுன்னு. மீதி 18 நாளைப் பத்தி ஒருத்தரும் கேக்கலை. அதனால நானே எழுதி வைக்கிறேன். பூனை வளர்க்கிற யாருக்காவது ஒரு நாள் உதவும்.

செவலை எங்க வீட்டுப் பூனை. நிறத்தை வெச்சு வந்த பேரு. கீழ்பென்னாத்தூர்ல பூனையை யாரும் 'பெட்'டுன்னு சொல்றதில்லை. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி, திண்டிவனம் போற ரோட்டில் கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர்ல இருக்கு எங்க ஊர். சுத்தி நெல்லும் மல்லாட்டையும்தான். மல்லாட்டை மூட்டை இருக்கிற வீட்டில் எலி இருக்கும், எலி இருக்கிற வீட்டில் பூனை இருக்கும். அதாவது செவலை சம்பளமில்லாத வாட்ச்மேன். வாட்ச்மேனுக்கு உடம்பு சரியில்லைன்னா லீவு குடுப்பாங்களே தவிர யாரும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. எங்க வீட்டிலும் முதல்ல அதேதான் நிலைமை.

ஒரு ராத்திரி ஓட்டு மேல பெரிய சண்டை. பக்கத்துத் தெரு கடுவன் ஒண்ணு வந்து போயிருக்கு. காலையில பார்த்தா செவலை மேல ரத்தம் இல்லை, கீறல் இல்லை, ஒண்ணுமே இல்லை. மூணாம் நாள் சாப்பாடு நின்னுது. நாலாம் நாள் வால் ஆரம்பிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம் சைஸுக்கு வீக்கம். தொட்டா சுடுது.

இதில் ஒரு விஷயம் இருக்கு. பூனையோட கோரைப்பல் ஊசி மாதிரி. ஆழமா இறங்கும், ஆனா மேலே விடற ஓட்டை ரொம்பச் சின்னது. பூனைக்குத் தோலும் தொளதொளன்னு இருக்கிறதால, பல்லை எடுத்ததும் தோல் நகர்ந்து ஓட்டை மூடிக்கும். ஒரே நாளில் மேலே பொருக்கு கட்டிடும். கடிச்ச பூனையோட வாயிலிருந்த கிருமி எல்லாம் உள்ளே மாட்டிக்கும். பாஸ்டுரெல்லான்னு ஒரு வகை நல்லா இருக்கிற பூனை வாயிலேயே சாதாரணமா குடியிருக்கும். 2-லிருந்து 4 நாளில் அது சீழ்க்கட்டியா வந்து நிக்கும். சுருக்கமா சொன்னா, புண் சீக்கிரம் மூடினதுதான் இங்கே வியாதியே.

கடி முகத்தில் இருந்தா எதிர்த்து நின்னவன், வால்கிட்ட இருந்தா திரும்பி ஓடினவன்னு ஒரு கணக்கு உண்டு. நம்ம ஆளு ரெண்டாவது ரகம். புறப்புண்! சங்க காலத்துத் தாய் யாராவது பெத்திருந்தா கதையே வேற ஆகியிருக்கும். எங்க வீட்டில் நல்லவேளை அம்மா பால் ஊத்தினாங்க.

துணி போடற பிளாஸ்டிக் கூடை ரெண்டை ஒண்ணு மேல ஒண்ணு கவுத்து, கயிறு கட்டி, வண்டியில் வெச்சுக் கிளம்பினேன். ஊர் கால்நடை மருந்தகத்தை யாரும் அந்தப் பேரில் கூப்பிடறதில்லை. மாட்டாஸ்பத்திரிதான். எனக்கு முன்னாடி ஒரு பசு சினை ஊசிக்கு நின்னுது. பின்னாடி அஞ்சாறு ஆடு, குடற்புழு மருந்துக்கு. நடுவில் கூடைக்குள்ளேயிருந்து செவலை உர்ருங்குது. ஆட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே... என்னத்த சொல்ல.

டாக்டர் ஒரு வார்த்தை கிண்டல் பண்ணலை. காய்ச்சல் பார்த்தார், 104.5. (பூனைக்கு 100.5-லிருந்து 102.5 வரைக்கும் சாதாரணம்.) மயக்க ஊசி போட்டு, முடியை மழிச்சு, கட்டியைக் கீறினார். வந்த சீழையும் அந்த நாத்தத்தையும் நான் வர்ணிக்கலை, சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க இருப்பீங்க. உள்ளே கழுவினார். கீழ்ப்பக்கமா இன்னொரு சின்ன ஓட்டை போட்டார். மேலேயிருந்து கழுவற தண்ணியும் ஊறுற நீரும் தானா கீழே வடியணுமாம். ரெண்டு ஊசி போட்டார். அவ்வளவுதான், துணியால் துடைச்சுட்டு கையைக் கழுவப் போயிட்டார்.

"தையல் போடலையா சார்?"

"சீழ் வெச்ச புண்ணைத் தைக்கக் கூடாது தம்பி. குப்பையை உள்ள வெச்சு கதவைச் சாத்தற மாதிரி ஆயிடும். அடியிலேர்ந்து ஆறி மேல வரணும். ஒரு அஞ்சாறு நாளைக்கு இந்த ஓட்டை மூடாம பாத்துக்குங்க. அதான் உங்க வேலை."

புண்ணு மூடாம பார்த்துக்கணும்! இதுவரைக்கும் யாரும் எனக்கு இப்படி ஒரு வேலை குடுத்ததில்லை. ஆனா யோசிச்சா எங்க ஆபீஸ் வேலையும் அதேதான். ஏன் வந்துச்சுன்னு தெரியாமலே மேலாப்புல சரி பண்ணி டிக்கெட்டை மூடிட்டா, அதே பிரச்சினை ஒரு மாசத்தில் இன்னும் பெருசா திரும்பி வரும்.

வீட்டுக்கு வந்ததும்தான் நிஜமான வைத்தியம் ஆரம்பம். ஆளாளுக்கு ஒரு மருந்தோட வந்தாங்க. இந்த 18 நாளில் நான் செஞ்ச வேலையில் பாதி, வந்த மருந்தையெல்லாம் தடுத்து நிறுத்தினதுதான்.

மஞ்சள் தூள்: நம்ம காயத்துக்கு வைப்போம். ஆனா சீழ் வடிய வேண்டிய ஓட்டையில் தூளைக் கொட்டினா அதுவே அடைச்சிக்கும். காப்பித் தூளுக்கும் சாம்பலுக்கும் இதே பதில்தான். பூனை நக்கினா காப்பித் தூள் விஷமும் கூட.

டெட்டால்: பீனால் வகைக் கிருமிநாசினி எதுவும் பூனைக்கு ஆகாது. நக்கினாலும் கெடுதல், தோல் வழியா இறங்கினாலும் கெடுதல். பொங்கி வருமே அந்த ஹைட்ரஜன் பெராக்சைடு, அது கிருமியோட சேர்த்து புதுசா வர்ற சதையையும் சாகடிக்கும்.

காய்ச்சல் மாத்திரை: இதை மட்டும் தடிமனா மனசில் எழுதி வெச்சுக்குங்க. பாராசிட்டமால் பூனைக்கு எமன். நம்ம கல்லீரல் அந்த மருந்தைப் பக்குவம் பண்ணி வெளியே அனுப்பிடும். அதுக்கு வேண்டிய என்சைம் பூனைக்குப் போதுமான அளவு கிடையாது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒண்ணு ஒரு பூனையைக் கொல்லப் போதும். ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாம ஈறு காப்பி நிறத்துக்குப் போயிடும். ஒரு உயிருக்கு மருந்து இன்னொரு உயிருக்கு விஷம்ங்கிறதுக்கு நம்ம நாட்டிலேயே பெரிய உதாரணம் இருக்கு. மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்லோஃபினாக், செத்த மாட்டைத் தின்ன பிணந்தின்னிக் கழுகு இனத்தையே கிட்டத்தட்ட துடைச்சுட்டுது. 2006-ல் கால்நடைக்கு அதைத் தடை பண்ண வேண்டியதாயிடுச்சு.

அப்போ என்னதான் போட்டேன்? உப்புத் தண்ணி. அரை லிட்டர் தண்ணியைக் கொதிக்க வெச்சு ஆற விட்டு, மட்டமா ஒரு டீஸ்பூன் உப்பு. உடம்பில் இருக்கிற உப்பு அளவுக்குக் கிட்டத்தட்ட சமம், அதனால எரியாது. காலையிலும் சாயங்காலமும் வெதுவெதுப்பான துணியால் அஞ்சு நிமிஷம் ஒத்தடம், பொருக்கு ஊறினதும் ஊசி இல்லாத சிரிஞ்சில் உப்புத் தண்ணி எடுத்து மேல் ஓட்டையில் மெதுவா விடணும், கீழ் ஓட்டை வழியா வரும். சுத்தி இருக்கிற தோலை காஸ் துணியால் ஒத்தி எடுக்கணும். பஞ்சு வேண்டாம், இழை ஒட்டிக்கும். வர்ற தண்ணி கலங்கலா தெளிவாங்கிறதைப் பார்க்கணும், மோந்தும் பார்க்கணும். இதை தினம் ஒரு நோட்டில் குறிச்சு வெச்சேன்.

அடுத்த தலைவலி நாக்கு. பூனை நாக்கில் உள்பக்கம் வளைஞ்ச முள் வரிசை இருக்கு. முடி சீவ அருமையான சீப்பு, பச்சைப் புண்ணுக்கு அரம். நக்கவிடாம கழுத்தில் கூம்பு மாட்டணும்னார் டாக்டர். அது கிடைக்கணும்னா திருவண்ணாமலை போகணும். வீட்டில் தேடினப்போ கிடைச்சது ஆயாவோட முட்டி எக்ஸ்ரே. அந்த ஃபிலிமைக் கழுவி, வட்டமா வெட்டி, நடுவில் கழுத்தளவு ஓட்டை போட்டு, விளிம்பில் துணி டேப் ஒட்டி, கூம்பா வளைச்சு மாட்டினேன். கழுத்துக்கும் கூம்புக்கும் நடுவில் ரெண்டு விரல் நுழையணும், கூம்பு மூக்கைத் தாண்டி கொஞ்சம் நீட்டியிருக்கணும். அதான் கணக்கு.

"இன்னாடா, என் முட்டிய பூனைக்கு மாட்டிகினு சுத்தற?" ஆயாவுக்கு நிஜமாவே கோபம். ஆனா வெளிச்சத்தில் செவலை திரும்பும்போதெல்லாம் ஆயாவோட மூட்டெலும்பு தலையைச் சுத்தி ஒளிவட்டம் மாதிரி தெரியும். அதைப் பார்த்து அம்மா சிரிச்சு, கடைசியில் ஆயாவும் சிரிச்சுடுச்சு.

ஆனா புண் கழுவற நேரத்துக்கு மட்டும் ஆயா இருக்காது. சிரிஞ்சைக் கையில் எடுத்தா போதும், எழுந்து திண்ணைக்குப் போயிடும். நாத்தம் தாங்கலை போலிருக்குன்னு விட்டுட்டேன்.

செவலையை மூட்டை அறையில் வெச்சுக் கதவு ஜன்னலுக்கெல்லாம் கொசுவலை அடிச்சேன். காரணம் ஈ. திறந்த புண்ணில் ஈ முட்டை வெச்சா ஒரே நாளில் புழு வரும். கழிப்பிடத்துக்கு மண் வைக்காம நியூஸ் பேப்பரைக் கிழிச்சுப் போட்டேன், மண் புண்ணில் ஒட்டும். சாப்பாடு வேக வெச்ச கோழி, உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாம. (வெங்காயமும் பூண்டும் பூனை ரத்தத்தைக் கெடுக்கும்.) கொஞ்சம் சூடு பண்ணினா வாசனை கிளம்பும், பூனை வாசனையை நம்பித்தான் வாய் வைக்கும். பூனை ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர ஆரம்பிக்கும்கிறதால, அது சாப்பிட்ட அளவையும் நோட்டில் எழுதினேன்.

மாத்திரை? பச்சைக் குழந்தையைத் துண்டில் சுத்தற மாதிரி சுத்தி, தலை மட்டும் வெளியே விட்டு, அடி நாக்கில் போட்டு வாயை மூடணும். பின்னாடியே சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணி விடணும், இல்லாட்டி சில மாத்திரை தொண்டைக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். முதல் நாளே செவலை என் கட்டைவிரலை நல்லா கவ்விட்டான். 15 நிமிஷம் சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில் கழுவிட்டு நேரா அரசு ஆஸ்பத்திரி. வீட்டுப் பூனைதானேன்னு விடறதில்லை, ரேபிஸ் வந்தப்புறம் வைத்தியம் கிடையாது. 0, 3, 7, 28-ஆம் நாள், ஒவ்வொரு தடவையும் ரெண்டு கையிலும் தோலுக்குள் ஒவ்வொரு ஊசி. ஆக செவலைக்கு ரெண்டு ஊசி, எனக்கு எட்டு. நோயாளி யாருன்னு ஆபீஸ்ல கேட்டாங்க.

"ஒரு பூனைக்கு இவ்ளோவா?"ன்னு கேக்காத ஆள் தெருவில் இல்லை. அப்பாவும் அந்தக் கட்சிதான். நான் பதில் சொல்ற ரகம் இல்லை. ஆனா நாங்க இருக்கிறது திருவண்ணாமலைக்குப் பக்கத்தில். ரமணாசிரமத்துக்குள்ளே போனா பசு லட்சுமிக்குச் சமாதி இருக்கு, 1948 ஜூன் 18-ல் போனது. பக்கத்திலேயே வள்ளின்னு ஒரு மான், ஒரு காக்கா, ஜாக்கின்னு ஒரு நாய், எல்லாத்துக்கும் சமாதி. அடிபட்டு வந்த அந்த மானை ரமணர் ராத்திரி முழுக்கத் தொட்டபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்னு கூட இருந்தவர் பதிவு பண்ணியிருக்கார். மலை சுத்தப் போறவங்க எல்லாரும் அந்தச் சமாதிகளைப் பார்த்துக் கும்பிட்டுட்டுத்தான் வராங்க. வீட்டுக்கு வந்ததும் பூனைக்கு இவ்ளோவாம்!

சரி, அஞ்சாம் நாளுக்கு வரேன்.

அன்னிக்குக் காலையில செவலை பிரமாதமா இருந்தான். காய்ச்சல் இல்லை, கோழி முழுசா காலி, எக்ஸ்ரே கூம்போட எகிறி மூட்டை மேல ஏறிட்டான். புண்ணைப் பார்த்தா மேல் ஓட்டை அழகா மூடி, காஞ்ச பொருக்கு. கீழ் ஓட்டையும் மிளகு சைஸுக்குச் சுருங்கிடுச்சு. அப்பா எட்டிப் பார்த்து, "அதான் ஆறிடுச்சே, அவுத்து வுடு, எலி மூட்டையக் கடிக்குது"ன்னார். அம்மாவுக்கும் சந்தோஷம். அஞ்சாறு நாள்னு டாக்டர் சொன்ன கணக்கும் சரியாத்தான் வந்துச்சு.

அப்போ வாசப்படியில் ஆயா நிக்குது. அத்தனை நாளில் முதல் தடவையா அந்த அறைக்கு வந்திருக்கு.

"மேல மூடறத நம்பாதடா. உங்க தாத்தா காலும் இப்பிடித்தான் நல்லா மூடிகினு இருந்துச்சு."

தாத்தாவுக்குச் சர்க்கரை. 2011-ல் செத்தார், நான் அப்போ எட்டாவது. காலில் ஒரு முள் குத்தின புண். எனக்குத் தெரிஞ்ச கதை அவ்வளவுதான். அன்னிக்குத்தான் மீதியை ஆயா சொல்லுச்சு. தினம் அந்தப் புண்ணைக் கழுவித் துணி கட்டினது ஆயாதான். ஒரு நாள் தோல் மூடிடுச்சு. ஆறிடுச்சுன்னு எல்லாருக்கும் சந்தோஷம், மாரியம்மன் கோயிலுக்குப் பொங்கல் கூட வெச்சிருக்காங்க. பத்து நாள் கழிச்சு கால் வீங்கி, அதே நாத்தம். முதல்ல விரலை எடுத்தாங்க, அப்புறம் முழங்காலுக்குக் கீழே. அதுக்கப்புறம் ரொம்ப நாள் இல்லை.

"அந்த நாத்தம் வந்தா எனுக்கு அவர் கால்தான்டா நெனப்பு வரும்"னுச்சு ஆயா. தினம் திண்ணைக்கு எழுந்து போனது அதனாலதான்.

நான் ஒண்ணும் பேசலை. துணியைச் சுடுதண்ணியில் நனைச்சு ஒத்தடம் குடுத்தேன். செவலையோட தலையைப் பிடிச்சுக்கிட்டது ஆயா. பத்து நிமிஷத்தில் பொருக்கு ஊறி வந்துது. விரலால் சுத்தி அழுத்தினா ஒரு பக்கம் மட்டும் கெட்டியா இருக்கு. கீழ் ஓட்டையிலிருந்து ரெண்டு சொட்டு, ரத்தம் கலந்த கலங்கல். நாத்தம் லேசாத்தான், ஆனா அதே நாத்தம்.

கூடை, கயிறு, வண்டி, மாட்டாஸ்பத்திரி. டாக்டர் மழுங்கின கம்பியை விட்டுப் பார்த்தார். பக்கவாட்டில் ஒரு பை மாதிரி தனியா போயிருக்கு. கழுவக் கழுவ உள்ளேயிருந்து வந்தது ஒரு கொத்து முடி, கடிக்கும்போது பல்லோட சேர்ந்து உள்ளே போனதா இருக்கும். "இது இருக்கிற வரைக்கும் திரும்பத் திரும்ப கட்டும். ரெண்டு நாள் கழிச்சு வந்திருந்தா மறுபடி முதல்லேர்ந்து கீறியிருக்கணும்"னார். மாத்திரை 7 நாள்ங்கிறது 10 ஆச்சு. ஓட்டையை மறுபடி திறந்து விட்டார். "யாரு கவனிச்சது?"ன்னு கேட்டார். எங்க ஆயான்னேன்.

அதுக்கப்புறம் பெரிய கதை இல்லை, பொறுமைதான். எட்டாம் நாள் உள்ளே கொய்யாப்பழத்துச் சதை மாதிரி சிவப்பா, மணிமணியா புதுச் சதை தெரிஞ்சுது. அதுதான் நல்ல சகுனம். பூனைக்கு இது நாயை விட மெதுவாத்தான் வரும். அமெரிக்காவில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் 2004-ல் ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்காங்க. தைச்ச புண்ணில் ஏழாம் நாள் பூனைத் தோலோட பலம், நாயோடதில் ஏறக்குறைய பாதிதான் இருந்துச்சாம். அதாவது பார்வைக்கு ஆறின மாதிரி இருந்தாலும் பூனை விஷயத்தில் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கணும். எகிறிக் குதிச்சா பிரிஞ்சுக்கும்.

பன்னிரண்டாம் நாள் சிரிஞ்சுத் தண்ணி உள்ளே போக இடமே இல்லை, அடி நிரம்பிடுச்சு. அதுக்கப்புறம்தான் ஓரத்திலிருந்து தோல் வந்து மூட ஆரம்பிச்சுது. பதினெட்டாம் நாள் மூடினது மூடினதுதான். அழுத்திப் பார்த்தா மெத்துன்னு இருக்கு, சூடு இல்லை, நாத்தம் இல்லை. மோந்து பார்த்துச் சொன்னதும் ஆயாதான். அப்பா அன்னிக்கு வயக்காட்டிலிருந்து வரும்போது ஒரு பொட்டலம் கறி வாங்கிட்டு வந்தார். யாருக்குன்னு கேட்டா, "மூட்டையப் பாத்துக்கறவனுக்கு"ன்னார்.

அடுத்த மாசம் செவலைக்குக் கருத்தடை. கடுவனுக்கு அதைப் பண்ணினா ஊர் சுத்தறதும் சண்டைக்குப் போறதும் நல்லா குறையும்னு டாக்டர் சொல்லியிருக்கார். ஓடி வந்தவனுக்கு அதில் மான நஷ்டம் ஒண்ணும் இருக்காது.

கூம்பைக் கழட்டின அன்னிக்கு ராத்திரி, சாப்பிட்டு முடிச்சுட்டு, ஆயா என் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டுச்சு. இடது குதிகால்ல வெடிப்பு, ஓரத்தில் பொருக்கு. ஆயாவுக்கும் ஆறு வருஷமா சர்க்கரை. எவ்வளவு நாளா இருக்குன்னு கேட்டேன், பதில் சொல்லலை.

"அந்த டார்ச்ச எட்தாந்து இதையும் செத்த பாரு"ன்னுச்சு.

பார்த்தேன். மறுநாள் காலையில முதல் ஆளா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். (மாட்டாஸ்பத்திரிக்கு இல்லைங்க!) மேல்தோல் வெடிப்புதான், உள்ளே ஒண்ணும் இல்லைன்னார். நோட்டில் செவலை பேருக்குக் கீழே ஒரு கோடு போட்டு, ஆயா பேரை எழுதியிருக்கேன்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, கம்ப்யூட்டர் தட்டறவன். மருந்து அளவு எதுவும் இதில் வேணும்னேதான் எழுதலை, அதை உங்க பூனையைத் தொட்டுப் பார்த்த டாக்டர்தான் சொல்லணும். உப்புத் தண்ணியும் பொறுமையும் மட்டும் தாராளமா எடுத்துக்கலாம்.